புல்வெட்டி இன்ஜின்

நான் வேலை பார்த்த ஐஸ் கம்பெனியின் புல்வெட்டும் மெஷினை நான் திருடவில்லை. தோளில் போட்டுக்கொண்டு, வாட்ச்மேன் பார்க்க, முன்வாசல் வழியாகத்தான் எடுத்துப் போனேன். மானேஜர் பிற்பாடு அதற்கு வைத்த பெயர் அவர் வாய்க்குப் பொருத்தம். அன்றைக்குக் காலையில் அவர் கடற்கரைக்கு வரவில்லை. வந்து பார்த்திருந்தால் தன் கார் இன்ஜினையே கழற்றிக் கொடுத்திருப்பார் என்று நினைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் மனிதரைப் பதினோரு வருஷமாகத் தெரியும்.

மூன்று நாள் காற்றும் மழையும் அடித்து ஓய்ந்த நாலாம் நாள் அது. மழைதான் ஓய்ந்திருந்தது, கடல் ஓயவில்லை. ஆறு கடலில் விழும் இடத்தில், கரையிலிருந்து முந்நூறு மீட்டர் தள்ளித் தண்ணீருக்குள் ஒரு மணல் திட்டு உண்டு. விடிகாலையில் திரும்பி வந்த படகு ஒன்று அதில் ஏறி உட்கார்ந்துவிட்டது. படகு சின்னவனுடையது. சின்னவன் என்றால் எங்கள் பக்கத்து வீட்டு டீசல் அண்ணனின் மச்சான், அண்ணியின் ஒரே தம்பி. அவனோடு கூலிக்குப் போனவர்கள் இரண்டு பேர். நெட்டை என்று ஒரு இளவட்டம், சுக்கான் என்று ஒரு அறுபது வயது ஆள். மூன்று பேரும் படகின் நடுக்கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அலைக்கும் நுரைக்குள் மறைந்து, நுரை வடிந்ததும் மறுபடி தெரிந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று கரையில் எல்லோரும் எண்ணிக்கொண்டே நின்றோம்.

இரண்டு படகுகள் போய்ப் பார்த்தன. ஒன்று முதல் அலையிலேயே திரும்பியது. இன்னொன்று கவிழ்ந்து, அதில் போனவர்களைக் கரைக்கு இழுத்துப் போடுவதே பெரும்பாடாகிவிட்டது. துறைமுகத்துக்குப் போன் செய்தால், மீட்புப் படகு வேறொரு பக்கம் போயிருக்கிறது, சாயங்காலத்துக்குள் வரும் என்றார்கள். மதியம் இரண்டு மணிக்குக் கடல் முழுசாக ஏறிவிடும். காலையில் தண்ணீர் குறைவாக இருந்ததால்தான் படகு திட்டின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. தண்ணீர் ஏறினால் அலை அதைத் தூக்கித் தூக்கி அடிக்கும். மரப்படகு எத்தனை அடி தாங்கும் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

ஒரு கயிறு படகுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். லாரி டியூபுக்குக் காற்றடித்துக் கயிற்றில் கோத்து ஒவ்வொருவராக இழுத்துவிடலாம். ஆனால் கயிறு எப்படிப் போகும்? காற்று கடலிலிருந்து கரைக்கு வீசியது. பட்டம் விட்டால் அது ஊருக்குள்தான் போகும். கல்யாண வீடுகளில் தலைக்கு மேல் பறந்து படம் பிடிக்கும் சாமான் எல்லாம் அந்தக் காலத்தில் வரவில்லை.

டீசல் அண்ணன் என் சட்டையைப் பிடித்துக் கூட்டத்துக்கு வெளியே இழுத்தார்.

"என் விமானம் இருக்குல்ல."

அவர் படகு இன்ஜின் ரிப்பேர் பார்ப்பவர். ரிமோட்டில் பறக்கும் ஒரு விமானத்தைப் பத்து வருஷமாக வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தோறும் கரையோரம் மீன் காயவைக்கும் களத்தில் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார். இறக்கை ஒரு ஆள் நீளம் இருக்கும். பிள்ளை இல்லாதவன் பொம்மை வாங்கிக்கிட்டான் என்று ஊர் பேசியது அவர் காதிலும் விழுந்ததுதான். அவர் அதையெல்லாம் துடைத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

"அது கயிறை இழுக்குமாண்ணே?"

"கயிறு வேணாம். தூண்டில் நரம்பு போனாப் போதும். நரம்புல நூல்கயிறு, நூல்கயிறுல வடம். அவங்களே இழுத்துக்குவாங்க." வாயைத் துடைத்துக்கொண்டார். "ஆனா அதுல இருக்கிற இன்ஜின் நரம்பையும் இழுக்காது. போன வருஷம் ஒரு துணி கட்டிவிட்டேன். நாப்பதடி போனதும் படுத்துருச்சு. இது களத்துலேருந்து நானூறு மீட்டர். வேற இன்ஜின் வேணும். உங்க கம்பெனியில புல்லு வெட்டுற மெஷின் இருக்குல்ல?"

"அது பெரிசுண்ணே."

"மூணு மடங்கு பெரிசு" என்றார். சொன்னவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. என்னைப் பார்க்காமல் மணலைப் பார்த்தார். "போய் எடுத்துட்டு வா."

நான் மெஷினோடு அவர் வீட்டுக்குப் போனபோது ஒன்பது மணி. முன்னறைதான் அவர் பட்டறை. சுவரோரம் பிரித்துப் போட்ட படகு இன்ஜின்கள், ஆயில் ஊறிக் கறுத்த ஒரு மேஜை. உள்ளறையில் அண்ணியின் தையல் மெஷின். விமானம் மேஜைமேல் மல்லாந்து கிடந்தது. அதன் சின்ன இன்ஜினை அவர் ஏற்கெனவே கழற்றியிருந்தார். அது ஒரு கைப்பிடி அளவுதான் இருந்தது.

புல்வெட்டியிலிருந்து நீளக் குழாயைக் கழற்றினோம். கத்தியைக் கழற்றினோம். மேல்மூடி, பெட்ரோல் டாங்க், இழுக்கிற கயிற்றுப் பெட்டி, கிளட்ச் எல்லாம் போனது. எடை குறைய வேண்டும் என்று ஒரு போல்ட் விடாமல் உரித்தார். உரித்த பிறகும் இரண்டு கிலோ இருந்தது. முன்னால் இருந்தது அரைக் கிலோ. விமானத்தின் மூக்குப் பலகையில் பிடித்துப் பார்த்தார். பலகை அகலத்துக்கு இன்ஜின் இரண்டு பக்கமும் வெளியே துருத்தியது.

"இந்தப் பலகை தாங்காது. ஸ்டார்ட் பண்ணின அஞ்சாவது நிமிஷம் ஆட்டத்துலயே பேத்துக்கிட்டு வந்துரும்" என்றார். பிறகு கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றுவிட்டார். நேரம் போய்க்கொண்டிருக்க, மனிதர் ஒரு பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாரே என்று எனக்கு எரிச்சல்.

"இன்னொரு பலகை வச்சுக் கட்டுங்கண்ணே. ஏன் நிக்கிறீங்க?"

"அதைத்தான் அதுக்கும் பண்ணினேன்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அந்த நேரத்தில் அண்ணி வாசலில் வந்து நின்றார். கடற்கரையிலிருந்து ஓடி வந்திருந்தார். இடுப்புவரை ஈரம், முகத்தில் உப்பு.

"அங்க எல்லாரும் உங்களைத் தேடுறாங்க. இங்க விளையாட்டுச் சாமானைப் பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்திருக்கீங்க."

"விளையாட்டு இல்ல. இதுல நரம்பு கட்டி அனுப்பப் போறேன்."

"போகுமா?"

"பெரிய இன்ஜின் மாட்டினாப் போகும்."

அண்ணி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"தூரப்பார்வைக் கண்ணாடியில பாத்தேன்" என்றார் டீசல் அண்ணன், அவரைப் பார்க்காமலே. "படகுல இன்ஜின் இல்ல. பின்பலகை பாதி இல்ல. இன்ஜின் பலகையைப் பேத்துக்கிட்டுக் கடலுக்குள்ள போயிருக்கு. அதனாலதான் திட்டுல ஏறிட்டான். நான் ரெண்டு வருஷமா சொன்னேன். அந்தப் படகு பதினஞ்சு குதிரைசக்தி இன்ஜினுக்குக் கட்டினது, நாப்பது போடாதேன்னு சொன்னேன்."

"சொன்னீங்க."

"உள்பக்கம் ஒரு பலகை கொடுத்தா நிக்கும்னு நானே என்னை ஏமாத்திக்கிட்டுப் போன மாசம் போட்டுக் குடுத்தேன்."

"நான் கேட்டதாலதான் போட்டுக் குடுத்தீங்க" என்றார் அண்ணி. "எல்லாரும் வேகமாப் போய் மீனை அள்ளிட்டு வர்றாங்க, என் தம்பி மட்டும் பின்னாடி போறான்னு நான்தான் உங்ககிட்ட அழுதேன். சாப்பிடாமக் கிடந்தேன். அதையும் சொல்லுங்க."

"இப்ப அதைச் சொல்லி என்ன?"

"ஒண்ணும் இல்ல. நீங்க மட்டும் தூக்கிச் சுமக்காதீங்கன்னு சொல்றேன். என்ன பலகை வேணும்?"

தடிமனான பிளைவுட் வேண்டும் என்றார். அண்ணி உள்ளே போனார். கடகடவென்று சத்தம். தையல் மெஷின் மேஜையின் பக்கப் பலகையைப் பெயர்த்து எடுத்து வந்து கணவர் கையில் கொடுத்தார். பதினைந்து வருஷமாக எண்ணெய் போட்டுத் துடைத்துவைத்த மேஜை. அதன் பிறகுதான் அவர் கை வேலைக்குத் திரும்பியது.

பலகையை அளவுக்கு அறுத்தார். நான்கு மூலையிலும் ஓட்டை போட்டு, அலுமினியப் பட்டையை 'ட' மாதிரி மடக்கி, விமானத்தின் உடம்பில் இரண்டு பக்கமும் போல்ட் போட்டு இறுக்கினார். கிளட்ச் இருந்த இடத்தில் விசிறி மாட்ட வேண்டும். என்றைக்கோ பெரிய விமானம் கட்டும் கனவில் வாங்கிய பெரிய மர விசிறிகள் இரண்டு அலமாரி மேல் தூசி பிடித்துக் கிடந்தன. விசிறி பெரிதானதும் அது தரையில் இடிக்கும் என்று தெரிந்தது. இரும்புக் கம்பியை வளைத்து உயரமான கால் செய்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொள்ள அவர் சுத்தியலால் அடித்தார். இன்ஜினின் தீப்பொறி ரேடியோவில் கரகரப்பை ஏற்றிவிடும், ரிமோட் பேச்சைக் கேட்காது என்று ரேடியோவையும் பாட்டரியையும் மூக்கிலிருந்து எடுத்து வாலுக்குக் கொண்டுபோய், தகரத் தாளில் சுற்றி வைத்தார். ஒன்று செய்தால் அது இன்னொன்றைக் கேட்டது. மணி பத்தே முக்கால் ஆகிவிட்டது.

இடையில் யாரோ ரொட்டியும் டீயும் கொண்டுவந்து வைத்தார்கள். டீயில் ஆடை கட்டிவிட்டது. நான் ஒரு ரொட்டியைத் தின்றேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். காலையிலிருந்து பசி. தின்றுவிட்டு அவர்கள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

எல்லாம் மாட்டி முடித்ததும் இறக்கைக்கு அடியில் இரண்டு பக்கமும் விரலைக் கொடுத்து விமானத்தைத் தூக்கினார். நேராக நிற்க வேண்டும். நிற்கவில்லை. மூக்கு தொப்பென்று மேஜையில் இடித்தது.

"வால்ல ஈயக்குண்டு கட்டணும். ஒரு கிலோ கேக்கும்போல" என்றார்.

"ஒரு கிலோவா? அப்ப நரம்பை இழுக்குமா?"

"சந்தேகந்தான்." உட்கார்ந்துவிட்டார். "மூக்கைக் குறைக்க முடியாது, வால்ல ஏத்தவும் முடியாது."

அண்ணி அதுவரை இறக்கைத் துணியில் கிழிந்திருந்த இடங்களைத் தைத்துக்கொண்டிருந்தார். பல்லால் நூலைக் கடித்து அறுத்துவிட்டு எழுந்து வந்தார்.

"இறக்கை எதுல நிக்குது?"

"ரப்பர் பட்டையிலதான். முதுகுல உக்கார வச்சுக் கட்டுறது."

"அப்ப அது நகருமா?"

"நகரும்."

"முன்பக்கம் கனத்து இழுக்கிற சட்டைக்குப் பின்னாடி கல்லைக் கட்டித் தொங்கவிட மாட்டேன் நான். தோளைப் பிரிச்சு முன்னாடி நகத்தி வச்சுத் தைப்பேன். எடையை நகத்த முடியலன்னா இறக்கையை நகத்துங்க."

டீசல் அண்ணன் அவரையே பார்த்தார். பிறகு ரம்பத்தை எடுத்து முதுகில் மூன்று விரல்கடை வெட்டி, இறக்கையை முன்னால் தள்ளி, சைக்கிள் டியூபை வெட்டிய பட்டைகளால் இறுக்கிக் கட்டினார். விரலில் தூக்கினார். கொஞ்சம் ஆடியது. வாலில் நாலைந்து ஈயக்குண்டு செருகியதும் நேராக நின்றது. பத்து வருஷத்தில் அவர் அந்த விமானத்தைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்தது அன்றைக்கு மட்டும்தான்.

களத்துக்குத் தூக்கிப் போனோம். கூட்டம் விலகி வழிவிட்டது. நெட்டையின் அம்மாவும் பெண்டாட்டியும் மணலில் உட்கார்ந்து அழுது குரல் போய்க் கிடந்தார்கள். சுக்கானுக்கு அழ அங்கே யாரும் இல்லை. எங்கிருந்தோ வந்து வலைக் கொட்டகையில் படுத்துக்கொள்கிற மனிதர். சமையலும் அங்கேயே. உண்மையைச் சொன்னால், காலையிலிருந்து சின்னவா சின்னவா என்று கத்திய எவனும், நான் உள்பட, அவரைப் பெயர் சொல்லிக் கத்தவில்லை.

சிமெண்ட் களத்தில் பெரிய தார்ப்பாயை விரித்து நரம்பை வளைவு வளைவாகச் சிக்கில்லாமல் பரப்பினோம். நுனியை டீசல் அண்ணன் வாலின் அடியில் ஒரு கொக்கி வைத்துக் கட்டினார். அங்கே நின்ற அத்தனை பேரும் படகுக்காரர்கள். படகு எதை இழுத்தாலும் பின்னால்தான் கட்டி இழுக்கும். பார்த்த கண்ணுக்கு அது சரியாகத்தான் இருந்தது.

விசிறியைக் கையால் சுண்டினார். நாலாவது சுண்டலில் பிடித்தது. அந்தச் சின்ன உடம்பு அப்படி நடுங்கியது, வாலைப் பிடித்திருந்த என் பல் கிடுகிடுத்தது. அவர் ரிமோட் பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தலையை ஆட்டியதும் விட்டேன். மணி பதினொன்றரை.

எழும்பியது. அப்படியொரு வேகத்தில் எழும்பியது. களத்தின் முனைக்குப் போவதற்குள் பனை உயரம் போய்விட்டது. கூட்டம் ஓவென்றது. நரம்பு தார்ப்பாயிலிருந்து சரசரவென்று உருவிக்கொண்டு போனது. நூறு மீட்டர் போயிருக்கும். நரம்பின் எடை கூடக் கூட வால் கீழே இறங்கியது. மூக்கு வானத்தைப் பார்த்து ஏறியது. டீசல் அண்ணன் ரிமோட் குச்சியை முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தார். "இறங்கு, இறங்கு" என்று வாய் முணுமுணுத்தது. விமானம் அந்தரத்தில் நின்று, பக்கவாட்டில் சரிந்து, கரையோர ஈர மணலில் மூக்கால் குத்தியது.

ஓடினோம். விசிறி இரண்டு துண்டு. தையல் மேஜைப் பலகையில் கீறல். ஒரு பக்க இறக்கையின் சட்டங்கள் நொறுங்கித் துணிக்குள் தொங்கின. இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

டீசல் அண்ணன் மண்டியிட்டு உட்கார்ந்து வாலில் கட்டிய முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்.

"படகுப் புத்தி" என்றார். "வாலைப் பிடிச்சு இழுத்தா எது பறக்கும்? வால் ஆடினாத்தானே அது திரும்பும், இறங்கும். எடை விழுற இடத்துல, இறக்கைக்கு நேர் கீழ கட்டியிருக்கணும். எனக்குத் தெரியும். பத்து வருஷமா விடுறவன், எனக்குத் தெரியும். கை தானாப் போய் வால்ல கட்டிருச்சு."

"எந்திரிங்க" என்றார் அண்ணி. "இன்னொரு விசிறி இருக்கு. எந்திரிங்க."

திரும்ப வீடு. நொறுங்கிய சட்டங்களுக்கு மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினோம். பசை காய நேரமில்லை. அண்ணி பாய்மர நூலால் இறக்கைத் துணியைச் சட்டத்தோடு சேர்த்தே தைத்தார். ஊசி விரலில் ஏறியபோது எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி தைத்தார். கீறல் விட்ட பலகைக்குக் குறுக்கே இரும்புப் பட்டை. கால் நிமிர்த்தல். உள்ளே போன மணலை ஊதி, கார்பரேட்டரைப் பெட்ரோலில் கழுவி மாட்டுதல். வேலை தன் நேரத்தை எடுத்துக்கொண்டது. கெஞ்சினால் அது குறைத்துக்கொள்ளாது. நடுவில் கரையிலிருந்து ஒருவன் ஓடி வந்து, படகு அசைய ஆரம்பித்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுபடி களத்துக்கு வந்தபோது பன்னிரண்டே முக்கால். இந்தத் தடவை நரம்பு இறக்கைக்கு நேர் கீழே.

இரண்டாவது தடவை அது அழகாகப் பறக்கவில்லை. தைத்த இறக்கை ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு, விமானம் சாய்ந்தே போனது. இன்ஜின் சத்தம் ஊரைத் தூக்கியது. ஆனால் மூக்கு ஏறவில்லை, வால் இறங்கவில்லை. நரம்பை இழுத்துக்கொண்டு அலைகளுக்கு மேலே போனது. டீசல் அண்ணன் உதட்டைக் கடித்த இடத்தில் ரத்தம் வந்தது. இருநூறு மீட்டருக்கு மேல் ரிமோட் சொல்வதை அது பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. படகைத் தாண்டியது. இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று விட்டார். பிறகு இன்ஜினை அணைத்தார். விமானம் அந்தப் பக்கம் கடலில் விழுந்து நுரைக்குள் போனது. நரம்பு படகின் குறுக்கே விழுந்தது. படகில் ஒரு ஆள் எழுந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்ததைப் பார்த்தோம்.

அண்ணி மணலில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

நரம்பில் நூல்கயிறு, நூல்கயிற்றில் வடம். வடத்தைப் படகின் நடுக்கட்டையில் கட்டினார்கள். டியூபுக்கு இந்தப் பக்கம் ஒரு கயிறு, அந்தப் பக்கம் ஒரு கயிறு. நாங்கள் விட, அவர்கள் இழுக்க, காலி டியூப் போகும். ஆள் ஏறியதும் நாங்கள் இழுப்போம். ஒன்றே முக்காலுக்கு நெட்டை வந்தான். அலை அவனை மூன்று தடவை முழுங்கித் துப்பியது. அம்மாவும் பெண்டாட்டியும் அவன் மேல் விழுந்து பிடித்துக்கொண்டதில் அவன் மூச்சு விடவே நாங்கள் அவர்களைப் பிரிக்க வேண்டியிருந்தது.

படகில் சொந்தக்காரன்தான் கடைசியில் இறங்குவான். அது எழுதாத சட்டம். எழுதிய சட்டத்தை மீறுகிறவன்கூட அதை மீற மாட்டான். அதனால் இரண்டாவது ஆளை இழுக்கும்போது சுக்கான் வருகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அண்ணி தண்ணீருக்குள் இறங்கக்கூட இல்லை, படகையே பார்த்துக்கொண்டிருந்தார். டியூப் கரைக்குப் பக்கத்தில் வந்து தலை நிமிர்ந்தபோது அது சின்னவன்.

அண்ணி ஓடினார். அவனைக் கட்டிப்பிடித்து, அடித்து, மறுபடி கட்டிப்பிடித்தார். சுற்றி நின்றவர்கள் கொஞ்சம் பின்வாங்கினார்கள். முகங்கள் திரும்பின. டீசல் அண்ணன்தான் கேட்டார்.

"ஏன்டா நீ முன்னாடி வந்த?"

சின்னவனுக்குப் பல் கிட்டித்திருந்தது. டியூபைக் கழற்றிக் கடலுக்குள் தள்ளி, "அனுப்புங்க மாமா, சீக்கிரம் அனுப்புங்க" என்றான். அனுப்பினோம். அந்தப் பக்கம் இழுக்க இப்போது ஒரே ஆள். கயிறு ஒரு முழம் போகும், நிற்கும். இன்னொரு முழம் போகும், நிற்கும்.

"சண்டை போட்டேன் மாமா" என்றான் சின்னவன், வார்த்தை வார்த்தையாக. "நான்தான் கடைசின்னு சொன்னேன். அவர் கேக்கல. டியூபை என் தலையில மாட்டிக் காலால உதைச்சுத் தள்ளிட்டாரு. அங்க பாரு, உங்கக்கா நிக்கிறா. எனக்குக் கரையில யாரு நிக்கிறா, நீ போடான்னாரு."

டியூப் படகுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் அதைப் பிடித்ததை நான் பார்த்தேன். ஒரு கையை உள்ளே விட்டார், தலையை விட்டார். அப்போது வந்த அலை மற்ற அலைகளைவிடப் பெரியது என்றுகூடச் சொல்ல முடியாது. தண்ணீர்தான் ஏறிவிட்டிருந்தது. படகு மொத்தமாக எழும்பி, மல்லாந்து, திட்டின் மேல் விழுந்தது. "இழுங்கடா" என்று டீசல் அண்ணன் கத்த, இருபது பேர் சேர்ந்து இழுத்தோம். முதல் இரண்டு இழுப்பில் கனம் இருந்தது. அதன் பிறகு கயிறு லேசாக வந்தது. அவ்வளவு லேசாக வந்ததில் சில பேர் பின்னால் விழுந்தார்கள்.

டியூப் மட்டும் கரைக்கு வந்தது.

மணி இரண்டே கால். பலகைகள் ஒவ்வொன்றாக ஒதுங்க ஆரம்பித்தன. டீசல் அண்ணன் வெறும் டியூபை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒன்னேகால் மணி நேரம்டா" என்றார் என்னிடம். "வால்ல கட்டினதுக்கு ஒன்னேகால் மணி நேரம் போச்சு. அந்த நேரம் இருந்திருந்தா மூணு பேரும் வந்து, துணி மாத்தி, டீ குடிச்சிருப்பாங்க."

பொய்யாகவாவது ஆறுதல் சொல்ல வேண்டிய நேரம் அது. ஆனால் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

சின்னவனுக்கு விலாவில் அடி, உடம்பு நீலம் பாரித்திருந்தது. டாக்டரிடம் கொண்டுபோக ஐஸ் வண்டியைக் கொண்டுவந்தேன். தம்பியோடு அண்ணியும் ஏறுவார் என்று கையைக் கொடுத்தேன். அண்ணி அவன் தலையைத் துவட்டிவிட்டு, போர்வையைக் கழுத்துவரை இழுத்து மூடிவிட்டு திரும்பிப் போய்த் தண்ணீரோரம் நின்றார்.

"வா, அவன்கூடப் போ" என்றார் டீசல் அண்ணன்.

"நீங்க போங்க. நான் இங்க நிக்கிறேன்."

"நின்னு என்ன பண்ணப் போற?"

"யாரும் நிக்கலன்னு சொன்னாராம்ல. ஒரு ஆளு நிக்கட்டும்."

டீசல் அண்ணன் என்னைப் பார்த்து, நீ கூட்டிப் போ என்று கையைக் காட்டிவிட்டு அவரும் அங்கேயே நின்றுவிட்டார்.

நான் டாக்டர் வீட்டிலிருந்து திரும்பி வரும்போது மணி நாலரை. மீட்புப் படகு வந்து திட்டைச் சுற்றித் தேடிவிட்டிருந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. கூட்டம் கலைந்துவிட்டது. ஒரு அதிகாரி கையில் நோட்டோடு நின்று எழுதிக்கொண்டிருந்தார். எத்தனை மணிக்கு, எத்தனை பேர், என்ன வயசு என்று கேட்டுக்கொண்டே வந்தவர், காணாமல் போனவருக்குச் சொந்தக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். மிச்சமிருந்த நாலைந்து பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

முழங்கால் தண்ணீரில் நின்ற அண்ணி திரும்பினார்.

"நான் இருக்கேன்."

"உங்களுக்கு அவர் என்ன முறை?"

"அண்ணன்" என்றார்.

அதிகாரி பக்கத்தில் நின்ற டீசல் அண்ணனைப் பார்த்தார். அவர் ரிமோட் பெட்டியை இன்னும் கழுத்திலேயே மாட்டியிருந்தார்.

"எழுதிக்குங்க" என்றார் டீசல் அண்ணன். "எனக்கு மச்சான்."

அதிகாரி எழுதிக்கொண்டார்.